கழுத்துக்கு மேலே

எங்கள் வீட்டில் பூட்டனாருக்குக்
கழுத்துக்கு மேலேதான் இருக்கிறது.
தீப்பெட்டி அளவு முகம்.
வலது காதைக் கத்தரிக்கோல் கொண்டுபோய்விட்டது.
செபப் புத்தகத்தில்,
மரித்தோருக்கான மன்றாட்டுப் பக்கத்தில்
முப்பது வருடமாய்க் கண் மூடாமல் கிடந்தார்.

அவருக்கு உடம்பு தேடித்தான்
குருநகரில் தொடங்கினேன்.

கோவிற் பதிவேட்டில்
கறையான் 1911ஐ முழுதாய்த் தின்று முடித்து
1913 மாசியில் களைத்து நின்றிருந்தது.
பங்குனியில் அவர்:
சந்தியோகு எஸ்தாக்கி.
தகப்பன் தொழில், கடல்.
ஞானத்தாயின் பெயர் இருந்த இடத்தில் ஒரு துளை.
அதனூடே அடுத்த பக்கத்துப் பிள்ளை தெரிந்தது.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த
மனுவேற்பிள்ளையர் சிரித்தார்.
"எஸ்தாக்கியரோ? வீரனோ?
அந்த மனுசன் வள்ளத்தில கால் வைக்காது.
முழங்காலுக்கு மேல தண்ணி வந்தால்
மாதாவைக் கூப்பிடும்.
அதுக்காகத்தானே லொறி பழகினது."

லண்டனிலிருந்து நகல் வந்தது.
காசு கட்டி, நாலு மாதம் காத்து.
மை வற்றிய தட்டச்சில் எட்டு வரி.
சாரதி எஸ்டாக்கி, இலங்கை.
லிபியப் பாலைவனம், 1942 ஜூன்.
தண்ணீர் லொறி.
குண்டு விழும் பாதையில் மூன்று தரம்.
மூன்றாம் தரம் பின்சில்லு எரிந்துகொண்டிருந்தது.
'தன் பாதுகாப்பைச் சற்றும் பொருட்படுத்தாது.'
அந்தக் கட்டில் எல்லாத் தாளிலும் இந்த வரி உண்டு என்று
அனுப்பிய எழுத்தர் ஒரு குறிப்பு வைத்திருந்தார்.
எரிந்த சில்லு இவருடைய தாளில் மட்டும்தானாம்.

இப்போது உடம்பு இருக்கிறது,
அதற்கு முகம் இல்லை.

திரும்பி வந்தவர்
கொழும்புக்கு மீன் ஏற்றும் ஐஸ் லொறி ஓட்டினார்.
முறிகண்டிப் பக்கம்
வெறுங்குடத்தோடு யார் நின்றாலும்
பிரேக் பிடிப்பாராம்.
உருகிய ஐஸ் தண்ணீர், மீன் வாடையோடு,
வேண்டுமென்றால் பிடி, வேண்டாமென்றால் விடு.
முதலாளி இருமுறை சம்பளம் வெட்டினார்.
மூன்றாம் தரமும் ஏன் போனீர் என்று
பங்குச் சாமி கேட்டதற்கு,
"பாதை ஒடுக்கம், சுவாமி.
லொறியைத் திருப்ப இடமில்லை."

திரேசம்மா மாமி பாசையூரில் இருக்கிறா.
நகலை நீட்டினேன்.
கண்ணாடி போடாமலே திருப்பித் தந்தா.

"எண்பத்தெட்டு. விடிஞ்சால் சுற்றிவளைப்பு
எண்டு கதை வந்திட்டுது.
சுவரில ஒரு ஆள் சீருடையோட நிக்கிறார்.
எந்தப் பட்டாளம், எந்த வருசம் எண்டு
நிண்டு கேக்க ஆருக்குப் பொறுமை?
ஆமி வந்தால் இயக்கம் எண்டுவான்.
இயக்கம் வந்தால் ஆமி எண்டுவான்.
தம்பிமார் ரெண்டுபேரும் வீட்டில.
உடுப்பை வெட்டி அடுப்பில போட்டன்.
பதக்கம் எரியாது. கிணத்துக்குள்ள எறிஞ்சன்."

அன்று மாமிக்கு இருபத்திமூன்று வயது.
தம்பிமாரில் இளையவர் என் அப்பா.

பதக்கத்தில் அரசருக்கும்
கழுத்துக்கு மேலேதான் இருந்ததாம்.
அதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தா.

கிணறு இன்னும் இருக்கிறது. உவர்த் தண்ணீர்,
குளிக்க மட்டும்.
போன ஆவணியில் இறைத்தார்கள்:
இரண்டு வாளி, ஒற்றைச் செருப்பு,
தையல் மெசின் சில்லு,
பெயர் சொல்ல விரும்பாத சில இரும்புகள்.
வெள்ளி இல்லை.
சேற்றை மேலும் கிளற வந்த பெடியனை
நான்தான் போதும் என்று மறித்தேன்.
ஏனென்று தெரியவில்லை.

இரவில் நகலின் மேல் முகத்தை வைத்துப் பார்த்தேன்.
பொருந்தவில்லை. தாள் பெரிது, ஆள் சின்னன்.

புறப்படும்போது மாமியிடம் கேட்டிருந்தேன்,
பயமாக இருக்கவில்லையா என்று.
மாமி வாசற்படியில் மீன் செதிலைக் கழுவி ஊற்றியபடி,
"கத்தரிக்கோல் மொட்டை, பிள்ளை.
அதுதான் காது போச்சு" என்றா.